கூண்டுப் பறவையும் மூச்சுக் காற்றும்

பேராக் ஆறு கடலோடு கலக்கும் கரையோரத்தில் அமைந்துள்ளது பாகான் டத்தோ. தென்னைக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரம் 2017ஆம் ஆண்டு தனி மாவட்டமாக உயர்வு பெற்றது. இங்குள்ள வீடுகளின் அஞ்சடியில் பறவைக் கூண்டு தொங்குவது புதுமையன்று. சிலர் மெர்போக் எனப்படும் சிறு புறாவை அதன் குரலுக்காக வளர்ப்பர். சிலர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் சிறுகிளிகளையோ கொண்டையுள்ள காக்கட்டில் கிளிகளையோ வளர்ப்பர்.

இத்தகைய வீடொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். அவ்வீட்டில் எழுபது வயதைக் கடந்த தாத்தா ஒருவர் வாழ்கிறார். இளமையில், தேங்காயைப் புகைமூட்டிக் கொப்பரையாக உலர்த்தும் கொட்டகையில் பல ஆண்டுகள் உழைத்தவர். சிகரெட் பிடிக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. பாட்டி மறைந்த பிறகு, இரண்டு காக்கட்டில் கிளிகளே அவருக்குப் பேச்சுத்துணை. பூனைக்குப் பயந்து, இரவில் கூண்டைத் தம் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைப்பார். அண்மைக் காலமாக, நான்கு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. சுகாதார மருந்தகத்தில் மருத்துவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்.

“ஐயா, வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?”

தாத்தா வாய் திறக்கவில்லை. ‘ஆம்’ என்றால் கிளிகளைக் கொடுத்துவிடச் சொல்வாரோ என்னும் அச்சம். உடன் சென்ற பேத்திதான், “இரண்டு கிளி இருக்கு, டாக்டர். ராத்திரி தாத்தா ரூம்லதான் இருக்கும்,” என்கிறாள்.

மருத்துவர் ஏன் அப்படிக் கேட்டார்? நுரையீரல் நோய் உள்ளவர் பறவைகளைக் கைவிட்டே ஆக வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் நுரையீரலைப் பற்றியும் பின்னர்ப் பறவையைப் பற்றியும் அறிந்துகொள்வது அவசியம்.

நாம் உள்ளிழுக்கும் காற்று, மூச்சுக்குழாய் வழியாகச் சென்று, மரக்கிளைகளைப் போல் பிரியும் சிறு குழாய்களைக் கடந்து, கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளை அடைகிறது. அங்குதான் உயிர்வளி இரத்தத்தில் கலக்கிறது. புகையும் தூசும் பல ஆண்டுகள் தொடர்ந்து உட்புகுந்தால், சிறு குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன, நுண்ணறைகளும் சிதைகின்றன. இதனை ‘நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்’ என்பர். புகைபிடித்தல் இதன் முக்கியக் காரணம். விறகடுப்புப் புகையும் பணியிடத் தூசும் பிற காரணங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். சிதைந்த நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. எஞ்சியிருப்பதைக் காப்பதே சிகிச்சையின் நோக்கமாகும்.

இனி, பறவையைப் பார்ப்போம். பறவையின் இறகுகளிலிருந்து வெண்மையான மெல்லிய பொடி உதிர்கிறது. இறகுகள் நனையாமல் காக்க இயற்கை தந்த பொடி அது. காக்கட்டில், காக்கத்துவா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, புறா ஆகியவற்றிடம் இப்பொடி மிகுதி. கூண்டுக்கு அருகிலுள்ள அலமாரியை விரலால் தடவினால், மாவு போல் ஒட்டுவது இதுவே. எச்சம் காய்ந்து தூளாகும்போது, அதுவும் காற்றில் கலக்கிறது. இத்துகள்களில் பலவும் கண்ணுக்குத் தெரியாதவை. 5 மைக்ரோனுக்கும் குறைவான துகள், மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுண்ணறை வரையில் சென்றுவிடும். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இத்துகளின் சிறுமை விளங்கும்.

ஏற்கெனவே நலிந்த நுரையீரலுக்கு எந்தத் தூசும் சுமைதான். ஆனால், சிலருக்குப் பறவைத்தூசு வெறும் சுமையாக நிற்பதில்லை. அவர்களின் உடலிலுள்ள நோய் எதிர்ப்பாற்றல், அத்தூசிலுள்ள புரதத்தைப் பகையாகக் கருதிப் போரிடுகிறது. அப்போர் நடக்கும் களம் நுரையீரலே, அழிவதும் அதுவே. 1965ஆம் ஆண்டு, புறா வளர்த்த சிலரிடம் இந்நோயைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள், அதனை மருத்துவ இதழில் விவரித்து எழுதினர். பின்னர், கிளி முதலிய பிற பறவைகளை வளர்ப்போரிடமும் அது கண்டறியப்பட்டது. இன்று அது ‘பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய்’ எனப்படுகிறது.

இந்நோய் இரண்டு விதமாக வெளிப்படும். புறாக்கூண்டைத் துப்புரவு செய்பவர் ஒரே நேரத்தில் நிறையத் தூசை உள்ளிழுப்பார். நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் அவருக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை வரும். ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால், சளிக்காய்ச்சல் என்றே எண்ணிவிடுவார். மற்றொரு விதம் இதைவிட ஏமாற்றக்கூடியது. வீட்டுக்குள் ஒன்றிரண்டு கிளிகளை வைத்திருப்பவர், சிறிது சிறிதாக நாள்தோறும் தூசை உள்ளிழுக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வருவதில்லை. வறட்டு இருமல், சோர்வு, எடை குறைதல், மெல்லக் கூடும் மூச்சிரைப்பு ஆகியவை மட்டுமே தோன்றும். ‘வயதாகிவிட்டது’ என்று அவர் வாளாவிருப்பார். அதற்குள் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடக்கூடும்.

மருத்துவர் வீட்டுச் சூழலைப் பற்றிக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஆய்வொன்று சான்று பகர்கிறது. அங்கு 19 நகரங்களைச் சேர்ந்த 27 மருத்துவ நிலையங்கள் ஒன்றிணைந்து, நுரையீரல் திசு நோயுற்ற 1,084 பேரின் விவரங்களைத் திரட்டின. 2017ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. அவர்களுள் 47.3 விழுக்காட்டினருக்கு இருந்தது, உள்ளிழுத்த தூசாலோ பூஞ்சணத்தாலோ உண்டாகும் மிகையுணர்வு நுரையீரல் அழற்சி. பறவை வளர்ப்போர் நுரையீரல் நோயும் இவ்வகையைச் சார்ந்ததே. தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தும் காற்றுக் குளிர்விப்பான்களில் படியும் பூஞ்சணம் பலருக்குக் காரணமாக இருந்தது. பறவைகளும் காரணங்களுள் இடம்பெற்றன. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், மருந்தை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோயின் வேர் தெரியாமலே போயிருக்கும்.

பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய் உறுதியானால், சமரசத்துக்கு இடமில்லை. பறவை வீட்டைவிட்டு அகல வேண்டும். பறவை போன பின்னரும் அதன் தூசு பல மாதங்கள் வீட்டில் தங்கியிருக்கும். ஆகவே, திரைச்சீலை, மெத்தை, கம்பளம் முதலியவற்றை முழுமையாகத் தூய்மை செய்வது அவசியம். இறகு அடைத்த தலையணையும் அந்நோயாளிக்கு ஆகாது. தொடக்கத்திலேயே கண்டறிந்து விலகியவர் பெரும்பாலும் நலமடைகிறார். காலம் தாழ்த்தியவருக்கு, ஏற்பட்ட தழும்பு மறைவதில்லை.

பறவையால் வரக்கூடிய மற்றொரு நோய், கிளிக்காய்ச்சல். இது நுண்ணுயிர்க் கிருமியால் உண்டாவது. 1929, 1930ஆம் ஆண்டுகளில், தென் அமெரிக்காவிலிருந்து விற்பனைக்கு அனுப்பப்பட்ட கிளிகள் வாயிலாக இது பல நாடுகளுக்குப் பரவி உயிர்களைப் பறித்தது. இன்று இதனைக் குணப்படுத்த மருந்து உண்டு. எனினும், வீட்டில் கிளி இருப்பதை நோயாளி சொன்னால்தான் மருத்துவருக்கு இந்நோயின்மீது ஐயம் எழும். புதிதாக வாங்கிய கிளி இறகு சிலிர்த்து, உண்ணாமல் சோர்ந்திருந்தால், அதனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அப்படியானால், தாத்தாவின் நிலை என்ன? அதைச் சோதனைகளே சொல்ல வேண்டும். ஒரு குழாயில் வேகமாக ஊதச் செய்து நுரையீரலின் ஆற்றலை அளப்பர். தேவையானால், நெஞ்சுப்பகுதியை நுண்ணிய ஊடுகதிர்ப் படங்களாக எடுப்பர். பறவைப் புரதத்துக்கு எதிரான கூறுகள் இரத்தத்தில் உள்ளனவா என்றும் பார்ப்பர். ஆனால், பறவை வளர்க்கும் நலமான மனிதரின் இரத்தத்திலும் அக்கூறுகள் காணப்படுவதுண்டு. எனவே, இரத்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. இத்தகைய நோயாளிகளை நெஞ்சக நோய் நிபுணரிடம் அனுப்பி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுப்பர்.

தாத்தாவுக்கு இருப்பது புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மட்டுமே. பறவைத்தூசு ஒவ்வாமைக்கு அடையாளமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது, கட்டுப்பாடுகளோடு கிளிகளை வைத்துக்கொள்ள மருத்துவர் இசையலாம். முதல் கட்டுப்பாடு கிளிகளைப் பற்றியதன்று, சிகரெட்டைப் பற்றியது. சிகரெட்டைக் கைவிடாமல் கிளியை மட்டும் அனுப்புவது, கூரை எரியும்போது விளக்கை அணைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது, கூண்டின் இடம். படுக்கையறையில் கூண்டு இருந்தால், உறங்கும் நேரம் முழுவதும் நோயாளி தூசை உள்ளிழுப்பார். ஆகவே, கூண்டைக் காற்றோட்டமுள்ள அஞ்சடிக்கு மாற்றி, பூனை நெருங்காதவாறு கம்பிவலை அடிக்க வேண்டும். மின்விசிறியின் காற்று கூண்டைக் கடந்து மனிதரை நோக்கி வீசக்கூடாது. கூண்டைத் துப்புரவு செய்யும் வேலையை நலமுள்ள வேறொருவர் ஏற்பது நல்லது. அவரும் முகக்கவரி அணிய வேண்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவதோ துடைப்பத்தால் கூட்டுவதோ தூசைக் கிளப்பிவிடும். முதலில் தண்ணீர் தெளித்து, எச்சத்தை நனைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரியான முறை. அடியில் விரித்த நாளிதழை நாள்தோறும் மாற்றினால், எச்சம் காய்ந்து தூளாக வாய்ப்பில்லை. அகன்ற கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கிளிகள் தாமே குளிக்கும், இறகுப்பொடியும் குறையும். பறவையைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கட்டாயம். இத்தனைக்குப் பிறகும் மூச்சிரைப்பு கூடினால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஏனெனில், இன்று இல்லாத ஒவ்வாமை நாளை தோன்றலாம்.

இங்கே மற்றோர் உண்மையையும் கருத வேண்டும். காற்று கெட்டால் முதலில் துன்புறுவது பறவையே. பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உள்ளன. அவற்றின் உதவியால், காற்று நுரையீரலை ஒரே திசையில் தொடர்ந்து கடந்து செல்கிறது. பறப்பதற்குத் தேவையான உயிர்வளியை நிறையப் பெற இவ்வமைப்பு உதவுகிறது. அதே அமைப்பு நச்சுக்காற்றையும் விரைவாக உள்வாங்கிவிடுகிறது. இதை அறிந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிவியலாளரின் பரிந்துரையால், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரி என்னும் சிறு பறவைகளைக் கொண்டு சென்றனர். மனிதருக்குத் தெரியாத நச்சுவாயுவால் பறவை தள்ளாடியதும், தொழிலாளர்கள் வெளியேறி உயிர் பிழைத்தனர். 1911 முதல் 1986 வரை இவ்வழக்கம் நீடித்தது.

அச்சுரங்கத்துக்குப் பொருந்தியது நம் வீட்டுக்கும் பொருந்தும். சிகரெட் புகை, மூடிய அறையில் எரியும் கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை ஆகியவை தாத்தாவுக்கும் கேடு, கிளிகளுக்கும் கேடு. உணவு ஒட்டாத பூச்சுள்ள வாணலியை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் எழும் ஆவி, சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே, கிளிகளுக்காகக் காற்றைத் தூய்மையாக்கும் வீட்டில், தாத்தாவும் எளிதாக மூச்சுவிடுவார்.

பிரிந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? கூண்டைத் திறந்துவிடுவது கருணையாகாது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த காக்கட்டிலுக்கு இரை தேடவும் பகையிலிருந்து தப்பவும் தெரியாது. பறவை வளர்ப்பில் பட்டறிவு உள்ள உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைப்பதே பொறுப்பான செயல். அத்துடன் குடும்பத்தினரின் கடமை முடிந்துவிடாது. முதியவருக்கு அந்தக் கிளிகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. காலையில் அவரை எழுப்பிய குரல்கள், பேசினால் தலைசாய்த்துக் கேட்ட உயிர்கள். அவை போன பின் வீட்டில் சூழும் அமைதியை, வீட்டார் தம் பேச்சால் நிரப்ப வேண்டும். மாலையில் அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றால், கொக்கும் மீன்கொத்தியும் திறந்த வெளியில் பறப்பதை அவர் கண்டு மகிழலாம்.

நாம் கண்ட தாத்தாவுக்கு அந்தப் பிரிவு இப்போதைக்கு நேரவில்லை. கூண்டு அஞ்சடிக்கு இடம்பெயர்ந்தது. நாளிதழை மாற்றுவது பேத்தியின் வேலையாயிற்று. தாத்தாவின் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருந்த இடத்தில் இப்போது மூச்சு மருந்துக் குழல் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவர், “கிளிகள் நலமா, ஐயா?” என்று கேட்டபோது, அவர் தயங்காமல் விடை சொன்னார். நோயாளி உண்மையை மறைக்காமல் சொல்வதும், மருத்துவர் முழுமையாக ஆராய்ந்து முடிவெடுப்பதும், வீட்டார் தோள் கொடுப்பதும் ஒன்றுசேர்ந்தால், மனிதருக்கும் பறவைக்கும் நல்ல மூச்சு கிடைக்கும்.