சேர்க்கைத் தொகுதி மதிப்பீடு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து

சேர்க்கைத் தொகுதி என்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்று ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் மாணவ வீரர்களின் குழுவைக் குறிக்கும். அந்நாட்டில் இதை 'ரெக்ரூட்டிங் கிளாஸ்' என்பர். இங்குக் கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்துக்கு 11 பேராக ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆகும்.

ஒவ்வோர் ஆண்டும் இத்தொகுதிகளுக்கு மதிப்பெண் இட்டு, எந்தக் கல்லூரி முதலிடம், எது பத்தாமிடம் என்று பட்டியல் வெளியிடுவார்கள். அப்பட்டியலை எப்படிப் படிப்பது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல். போட்டித்தொடரில் புதிய வீரர்களை 'டிராஃப்ட்' முறையில் பங்கிடுகிறார்கள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. இதனால் வலிமை ஓரளவு சமப்படுகிறது. கல்லூரிக் கால்பந்தில் அத்தகைய பங்கீடு இல்லை. எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதை மாணவரே முடிவு செய்கிறார். பயிற்சியாளர்கள் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் நேரில் சென்று, மாணவரிடமும் பெற்றோரிடமும் பேசி இசைவு பெற வேண்டும். வென்ற கல்லூரிக்கே நல்ல மாணவர்கள் போக விரும்புவதால், வலிய அணி மேலும் வலிமை பெறுகிறது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடுவோர் 10 லட்சத்துக்கும் மேல். டெக்சஸ், புளோரிடா, கலிபோர்னியா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்கள் நிறைய வீரர்களைத் தருகின்றன. கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்மட்டப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஓர் அணி ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 25 பள்ளி மாணவர்களைச் சேர்ப்பது வழக்கம். நெடுங்காலமாக ஓர் அணியில் 85 பேருக்கு மட்டுமே முழு உதவித்தொகை தரலாம் என்ற வரம்பு இருந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி, அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. இடங்கள் எண்ணிக்கைக்குட்பட்டவை என்பதால் ஒவ்வொரு தேர்வும் கணக்கில் வரும்.

வாக்குறுதியும் கையெழுத்தும்

மாணவர் ஒருவர் 'இந்தக் கல்லூரியில் சேர்வேன்' என்று அறிவிப்பது வாய்மொழி வாக்குறுதி மட்டுமே. அது அவரைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட பிறகே சேர்க்கை உறுதியாகும். பிப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமையே மரபான கையெழுத்து நாள். 2017 முதல் டிசம்பரிலும் கையெழுத்திட வாய்ப்பு தரப்பட்டது. இப்போது பெரும்பாலோர் டிசம்பரிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களுள் ஒருவராகக் கருதப்பட்ட டிராவிஸ் ஹண்டர், புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்களித்திருந்தார். 2021 டிசம்பரில் கையெழுத்து நாளன்றே மனம் மாறி, கீழ்மட்டப் பிரிவில் ஆடிய ஜாக்சன் ஸ்டேட் அணியில் சேர்ந்தார். பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2024இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். ஆகவே கையெழுத்துக்கு முன் வெளியாகும் தரவரிசை எதுவும் இடைக்காலக் கணக்கே.

நட்சத்திர மதிப்பீடு

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஆன்3, ஈ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் பள்ளி வீரர்களைப் பார்த்து நட்சத்திரம் வழங்குகின்றன. அவற்றின் மதிப்பீட்டாளர்கள் கவனிப்பவை:

- ஆட்டத்தின் காணொளிப் பதிவுகள்
- உயரம், எடை, கை நீளம் போன்ற உடல் அளவுகள்
- 40 கஜ ஓட்டம் முதலிய வேகச் சோதனைகள்
- பயிற்சி முகாம்களில் சம வயது வீரர்களுக்கு எதிரான ஆட்டம்
- ஓட்டப்பந்தயம், கூடைப்பந்து போன்ற பிற விளையாட்டுகளில் காட்டும் திறன்
- எதிர்த்து ஆடிய பள்ளிகளின் தரம்

247ஸ்போர்ட்ஸ் அளவுகோலில் 80 முதல் 89 வரை மூன்று நட்சத்திரம்; 90 முதல் 97 வரை நான்கு; 98உம் அதற்கு மேலும் ஐந்து. ஐந்து நட்சத்திரம் பெறுவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 பேர். என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதால் இந்த எண்ணிக்கையைக் கொண்டார்கள்.

இந்த நட்சத்திரங்கள் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஐந்து நட்சத்திர வீரர் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேர்வாகும் வாய்ப்பு, மூன்று நட்சத்திர வீரரின் வாய்ப்பைப் போலப் பல மடங்கு. அதே சமயம் மூன்று நட்சத்திரம் பெறுவோர் ஆயிரக்கணக்கில் இருப்பதால், டிராஃப்டில் தேர்வாகிறவர்களில் அவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பிழைகளும் உண்டு. சிறிய ஊர்ப் பள்ளியில் படிப்பவரும், உடல் தாமதமாக வளர்பவரும் கண்ணில் படாமல் போகலாம். பெரிய அணி அழைத்த பிறகு ஒருவரை மறுபடி பார்த்து மதிப்பெண்ணை உயர்த்துவதும் நடப்பதுண்டு. ஜோஷ் ஆலன் பள்ளி முடித்தபோது மேல்மட்ட அணி எதுவும் அவரை அழைக்கவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடி, பிறகு வயோமிங் பல்கலைக்கழகம் சென்று, 2018 டிராஃப்டில் ஏழாவதாகத் தேர்வானார்.

தொகுதியின் தரவரிசை

தனி வீரர்களின் மதிப்பெண்களைச் சேர்த்தே தொகுதிக்குப் புள்ளி கணக்கிடுகிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் கூட்டு மதிப்பீட்டில் தொகுதியின் மிகச் சிறந்த வீரருக்கு முழு எடை கிடைக்கும். அடுத்தடுத்தவர்களுக்கு எடை படிப்படியாகக் குறையும். இருந்தாலும் அதிகம் பேரைச் சேர்த்த அணிக்கு மொத்தப் புள்ளி சற்றுக் கூடவே இருக்கும். ஓர் அணி 27 பேரையும் மற்றோர் அணி 18 பேரையும் சேர்த்திருந்தால், மொத்தத்தை மட்டும் ஒப்பிடுவது சரியாகாது. ஒருவருக்கான சராசரி மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தை உதைப்பதற்கென்றே உள்ள 'கிக்கர்' போன்றோருக்கு வழக்கமாகக் குறைந்த நட்சத்திரமே தருவதால், அவர்கள் சராசரியைக் கீழே இழுப்பார்கள். ஆனால் நெருக்கமான ஆட்டங்களைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே.

ஓராண்டுப் பட்டியலைவிட நம்பகமான அளவு 'புளூ சிப் விகிதம்'. பட் எலியட் என்னும் விளையாட்டு எழுத்தாளர் இதைப் பரப்பினார். கடைசி நான்கு ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் எத்தனை விழுக்காடு என்பதே கணக்கு. நான்கு ஆண்டுகளில் 90 பேர் சேர்ந்து, அவர்களில் 50 பேர் அத்தகையோர் என்றால் விகிதம் ஏறத்தாழ 56 விழுக்காடு. 2011 முதல் 2024 வரையான பருவங்களில் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற ஒவ்வோர் அணியும் 50 விழுக்காட்டைத் தாண்டியதே. ஆனால் தாண்டிய எல்லா அணிகளும் வெல்லவில்லை. இவ்விகிதம் பந்தயத்தில் நிற்கத் தகுதியைக் காட்டுகிறது. வெற்றியை உறுதி செய்வதில்லை.

தேவையும் பொருத்தமும்

அணியில் யார் போகிறார்கள், எந்த இடம் காலியாகிறது என்று பார்க்காமல் தொகுதியை எடைபோட முடியாது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அவரைக் காக்கும் தாக்குதல் முன்வரிசையில் ஐவர் வேண்டும். புகழ்பெற்ற பந்து பிடிப்பாளர்கள் நால்வரைச் சேர்த்துவிட்டு முன்வரிசைக்கு ஆள் இல்லாமல் விட்டால், பட்டியலில் இடம் உயரும்; களத்தில் பந்தை எறிய நேரம் கிடைக்காது.

பயன் தரும் காலமும் இடத்துக்கு இடம் மாறும். பந்து பிடிப்பாளர் முதலாண்டிலேயே ஆடலாம். முன்வரிசை வீரருக்கு உடலை வளர்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இதற்கு விதிகளும் இடம் தருகின்றன. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்ற விதியின்படி, ஓராண்டு ஒதுங்கியிருந்து பயிற்சி பெறுவதை 'ரெட்ஷர்ட்' என்பர். 2018 முதல் அவ்வாண்டில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அது பருவமாகக் கணக்கிடப்படுவதில்லை.

இரண்டு முதலிடங்கள்: ஓர் ஒப்பீடு

அலபாமா பல்கலைக்கழகத்தின் 2017 தொகுதி நாட்டில் முதலிடம் பெற்றது. அதில் வந்த எட்டுப் பேர் பின்னர் என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வாயினர். 2018 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில், முதலாண்டு மாணவரான டுவா டகோவைலோவா அதே தொகுதியைச் சேர்ந்த டெவோன்டா ஸ்மித்துக்கு எறிந்த பந்தே ஜார்ஜியாவை 26–23 என வீழ்த்தியது. அத்தொகுதியில் மூன்று நட்சத்திரம் மட்டுமே பெற்ற மேக் ஜோன்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கும் இருந்தார். டுவாவுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்து, 2020 பருவத்தில் முழுப் பொறுப்பேற்று, ஓர் ஆட்டமும் தோற்காமல் அணிக்குப் பட்டம் பெற்றுத்தந்தார்.

டெக்சஸ் ஏ&எம் பல்கலைக்கழகத்தின் 2022 தொகுதியும் முதலிடம் பெற்றது. அதுவரை யாரும் பெறாத அளவு புள்ளிகள் அதற்குக் கிடைத்தன. அந்தப் பருவத்தில் அணி 5 ஆட்டங்களில் வென்று 7இல் தோற்றது. முக்கியமான பலர் ஓரிரு ஆண்டுகளில் வேறு கல்லூரிகளுக்குச் சென்றனர். 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார். மீதமிருந்த ஒப்பந்தக் காலத்துக்காக அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல்.

அப்படியானால் நட்சத்திரங்கள் பொய்யா? இல்லை. அத்தொகுதியின் வால்டர் நோலன், ஷெமார் ஸ்டூவர்ட் இருவரும் 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் அடுத்தடுத்து 16, 17ஆம் இடங்களில் தேர்வாயினர். நோலன் அதற்குள் மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்கு மாறியிருந்தார். தனி மனிதரின் திறமையை மதிப்பீட்டாளர்கள் சரியாகவே கண்டார்கள். அத்திறமைகள் ஓர் அணியாகச் சேருமா, சேர்ந்து நிற்குமா என்பதைப் பட்டியலால் காட்ட இயலவில்லை.

மாறிய விதிகள்

இவ்விரு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் விதிகளும் மாறின. கல்லூரி மாற விரும்பும் வீரர் பெயர் பதியும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' 2018 அக்டோபரில் வந்தது. 2021இல் ஒருமுறை மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 2024இல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு விளம்பர வருவாய் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம்.

இதனால் மேக் ஜோன்ஸ் போல மூன்றாண்டு காத்திருப்பவர்கள் அரிதாகிவிட்டனர். இன்று ஒரு தொகுதியை மதிப்பிடும்போது, பள்ளியிலிருந்து வருவோரோடு பிற கல்லூரிகளிலிருந்து மாறி வருவோரையும், அணியை விட்டுப் போவோரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு முழுக் கணக்காகாது.

படிப்பும் மாணவரின் எதிர்காலமும்

மேல்மட்டப் பிரிவில் ஆடுவதற்குப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, 4க்குக் குறைந்தது 2.3 என்ற சராசரித் தரப்புள்ளி பெற்றிருக்க வேண்டும். இத்தகுதி இல்லாதவர் பட்டியலில் எத்தனை நட்சத்திரம் பெற்றிருந்தாலும் களம் இறங்க முடியாது. கல்லூரியில் வீரர்கள் படிப்பைத் தொடர்கிறார்களா என்பதையும் என்.சி.ஏ.ஏ. ஒரு குறியீட்டால் அளக்கிறது. அதில் 930 புள்ளிக்குக் கீழே போகும் அணிக்குப் பருவ இறுதிப் போட்டிகளில் இடம் மறுக்கப்படலாம்.

படிப்பு முக்கியம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. டிராஃப்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களே என்.எஃப்.எல். அணிகளால் தேர்வு செய்யப்படுகிறார்கள். மற்றவர்களுக்குக் கையில் மிஞ்சுவது பட்டமே. நல்ல தொகுதியா என்ற கேள்வியில், அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள் என்பதும் அடங்கும்.

உதவித்தொகை இல்லாமல் தாமே வந்து சேரும் மாணவர்களையும் மறக்கக் கூடாது. ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிஷிகன் அணியை விட்டு, உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து, 2011 டிராஃப்டில் 11ஆவதாகத் தேர்வானார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அவ்வாறே நுழைந்த ஸ்டெட்சன் பென்னட், 2021, 2022 பருவங்களில் அணிக்குத் தொடர்ந்து இருமுறை பட்டம் பெற்றுத்தந்தார். மதிப்பீட்டின் தவறுகளைத் திருத்தும் வழி இதுதான். 105 பேர் என்ற புதிய வரம்பு அவ்வழியைக் குறுக்கியிருக்கிறது.

மதிப்பிடும் முறை: சுருக்கம்

ஒரு தொகுதியைப் பார்க்கும்போது கீழ்க்காணும் கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம்.

1. மொத்தப் புள்ளியும் ஒருவருக்கான சராசரியும் ஒத்துப்போகின்றனவா?
2. கடைசி நான்கு ஆண்டுகளின் புளூ சிப் விகிதம் எவ்வளவு?
3. காலியாகும் இடங்களுக்கு ஆள் கிடைத்திருக்கிறார்களா? குறிப்பாகக் குவார்ட்டர்பேக்குக்கும் முன்வரிசைக்கும்?
4. மாறி வந்தவர்கள், மாறிப் போனவர்கள் எத்தனை பேர்?
5. இப்பயிற்சியாளரிடம் முன்பு சேர்ந்த மூன்று நட்சத்திர வீரர்கள் வளர்ந்தார்களா?
6. இரண்டாண்டு கழித்து இத்தொகுதியில் எத்தனை பேர் அணியில் எஞ்சியிருக்கிறார்கள்? எத்தனை பேர் பட்டம் பெறுகிறார்கள்?

முதல் நான்கு கேள்விகளுக்குச் சேர்க்கை முடிந்ததுமே விடை கிடைக்கும். ஐந்தாவதற்குப் பழைய ஆண்டுகளைப் புரட்ட வேண்டும். ஆறாவதற்குக் காத்திருக்க வேண்டும். ஆகையால் கையெழுத்து நாளில் வெளியாகும் தரவரிசையை நுழைவு மதிப்பெண்ணாகக் கொள்வதே பொருத்தம். தேர்ச்சி முடிவு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே தெரியும். பட்டியலில் உள்ள பெயர் ஒவ்வொன்றும் 17, 18 வயது மாணவருடையது என்பதையும், அந்த வயதில் யாரும் முழுமையாக வளர்ந்து முடிவதில்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்வது நன்று.