வால் இல்லாத காற்றாடியும் வறண்ட விரல்களும்

ஹைதராபாத் காற்றாடிக்கு வால் கிடையாது. சங்கராந்தி நெருங்கும்போது சார்மினார் பக்கம் குல்சார் ஹவுஸ் கடைகளில் அடுக்கடுக்காகத் தொங்குமே, அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாய்சதுரமாக ஒரு மெல்லிய தாள், நடுவில் நெட்டுக்கு ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வில்லாக வளைந்த இன்னொன்று. அவ்வளவுதான். அடியில் ஒட்டியிருக்கும் சின்ன முக்கோணத் துண்டை வால் என்று சொல்வதற்கில்லை. வால் கட்டிய பட்டம் காற்றில் அடங்கி நிற்கும், நிற்பதோடு சரி. வாலில்லாத இதுவோ நூல் பிடித்தவர் நினைத்த பக்கமெல்லாம் பாயும். இருப்பது ஒரே நூல். இடம் வலம் திருப்ப இன்னொரு நூல் இல்லை. அப்படியிருக்க, எப்படித் திரும்புகிறது?

விடை அந்தக் குறுக்கு வில்லில் இருக்கிறது. நூலைச் சுண்டி இழுத்ததும் தாளின் மேல் காற்றின் அழுத்தம் கூடுகிறது. வில்லின் இரு நுனிகளும் பின்னுக்கு வளைகின்றன. தட்டையாக இருந்த காற்றாடி நடுவில் முன்தள்ளி, ஓரங்கள் பின்வாங்கிய வடிவம் எடுக்கிறது. பல விமானங்களின் இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்றே மேலேறி இருப்பதும் இதற்காகத்தான்: ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்த பக்கமே தூக்கி நிமிர்த்திவிடும். ஆகவே இழுத்துப் பிடித்திருக்கும்வரை மூக்கு எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கம் நேராகப் போகும். நூலைத் தளர்த்தினால் அழுத்தம் குறைந்து வில் நிமிர்கிறது, தாள் மறுபடி தட்டையாகிறது. தட்டையான தாள் காற்றில் ஒரு நிலையில் நிற்காது; மூக்கு சுழல ஆரம்பிக்கும். சுழன்று வேண்டிய திசைக்கு வந்ததும் ஓர் இழுப்பு. விட்டால் சுற்றும், இழுத்தால் பாயும். வித்தை முழுதும் இதற்குள் அடக்கம்.

வில் விறைப்பாக இருந்தால் காற்றாடி அடங்காது, ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ரொம்பத் துவண்டால் எப்போதும் வளைந்தே கிடந்து, திரும்ப மறுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு. அந்தப் பதம் மாடியில் நின்று மாஞ்சா இழுப்பவர் கையில் இல்லை. பல நாள் முன்னதாகத் தரையில் சம்மணமிட்டுக் குச்சி சீவியவர் கையில் இருக்கிறது. பழைய நகரத்துக்குப் பக்கத்திலுள்ள தூல்பேட்டில் விநாயகர் சிலை செய்யும் குடும்பங்களும் உண்டு, குளிர்காலத்தில் காற்றாடி செய்யும் குடும்பங்களும் உண்டு. மூங்கில் பிளப்பு ஒன்றை எடுத்துக் கத்தியால் மெலிதாகச் சீவி, இரு நுனியையும் பிடித்து வளைத்துப் பார்ப்பார்கள். வளைவு இரு பக்கமும் ஒத்து வரவில்லையா, இன்னொரு சீவல். மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்ளே போகப்போக இடைவெளி விட்டும் அமைந்திருக்கின்றன. உட்பக்கத்தைச் சீவினால் எடை குறையும், வலு அவ்வளவாகக் குறையாது. வெளித்தோலில் கை வைத்தால் போச்சு.

அடுத்தது தாள். அச்சு இயந்திரத்தில் போடும் ஏ4 தாள் ஒன்றின் எடை சுமார் 5 கிராம். காற்றாடித் தாளைச் சதுர மீட்டருக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டருக்கு அரை மீட்டர் துண்டும் அதே 5 கிராம்தான். பரப்போ நான்கு மடங்கு. தக்காண பீடபூமியின் தை மாதத்துக்கு இந்த எடைதான் தோது. விடிகாலையில் மாடியேறினால் இலை அசையாது; இரவெல்லாம் குளிர்ந்த தரையை ஒட்டிக் கனத்த காற்று அசையாமல் படுத்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று எழும்ப, மேலே ஓடும் காற்று இறங்கிக் கலக்கிறது. அப்போதும் புயலாக வீசிவிடாது. செகந்திராபாத் பரேட் மைதானத்தில் சர்வதேசக் காற்றாடித் திருவிழா நடக்கிறது. 2024-இல் ஜனவரி 13 முதல் 15 வரை நடந்தது. அங்கே பறக்கும் ராட்சச நைலான் உருவங்கள் நல்ல காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கூட்டம் அவற்றைத்தான் படமெடுக்கிறது. எனக்கென்னவோ ஐந்து கிராம் தாளில்தான் வேடிக்கை அதிகம்.

தாள் என்பது நார்களின் பின்னல். ஒவ்வொரு நாரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், தலைமுடியை விட மெல்லியது. தண்ணீரில் மிதந்து சல்லடைமேல் படிந்து உலரும்போது நாரும் நாரும் தொடுகிற இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. தனித்தனியே சோப்ளாங்கிப் பிணைப்புகள். கணக்கில்லாமல் சேர்ந்து நிற்பதால் தாங்குகின்றன. ஆலை இயந்திரம் ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடும். இன்றைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேர்கோட்டில் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நார் ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு கூராக விழும். குறுக்கே மடித்தால் கொஞ்சம் தடித்த தாள் வெடித்துக்கொள்ளும்.

தெலங்கானாவின் வடகோடியில் காகஸ்நகர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. நிஜாம் காலத்துச் சிர்பூர் காகித ஆலையைச் சுற்றி வளர்ந்தது. அடிலாபாத் காட்டு மூங்கில் அதற்குக் கச்சாப்பொருளாகப் போனது. 2014-இல் மூடப்பட்ட ஆலையை 2018-இல் ஜேகே பேப்பர் நிறுவனம் வாங்கி மறுபடி ஓடவைத்தது. காற்றாடியின் குச்சியும் மூங்கில், தாளும் மூங்கிலிலிருந்து வரலாம் என்பது கேட்க நன்றாக இருந்தாலும் இரண்டின் குணமும் வேறு. குச்சியில் நாரை நாரோடு கட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பசை அப்படியே இருக்கிறது. தாளுக்காக அதைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறார்கள்.

தண்ணீரால் சேர்ந்தது தண்ணீராலேயே தளரும். காற்றில் ஈரம் ஏறினால் நார் குடித்து உப்புகிறது, நீளவாக்கில் கொஞ்சமும் குறுக்குவாக்கில் அதிகமும். வறண்டால் சுருங்குகிறது. தை மாத ஹைதராபாத்தில் மைதா பசை தடவி ஒட்டிய தாள் உலர உலர இழுபட்டு, மிருதங்கத் தோல் மாதிரி விறைக்கும். அதே வேலையை ஜூலை மழையில் செய்தால் தாள் தொளதொளத்துக் கிடக்கும். ஜப்பானின் தாள் மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா இந்தக் குணத்தையே ஒரு கலையாக்கினார். தடித்த தாளை லேசாக ஈரப்படுத்தினால் பிணைப்புகள் தளரும், விரலால் வளைத்து வடிவம் கொடுக்கலாம். உலர்ந்ததும் பிணைப்புகள் புது இடத்தில் கூடி, வளைவு அப்படியே நிலைக்கும். அவர் மடித்த விலங்குகளில் கத்தி மடிப்புகளைவிடத் தசை போன்ற வளைவுகள் அதிகம். 1911 மார்ச் 14-இல் பிறந்தவர், 2005-இல் அதே மார்ச் 14-இல், 94 வயது நிறைந்த அன்று காலமானார்.

வயது என்றதும் விரலைப் பற்றிப் பேசியாக வேண்டும். எழுபது தாண்டிய பலர் தாளைப் புரட்டுமுன் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். காரணம் பழக்கம் மட்டுமல்ல. விரல் நுனியின் வியர்வைச் சுரப்பிகள் தரும் இலேசான ஈரம்தான் தாளைப் பற்றும் பிடிமானத்தைத் தருகிறது. அந்த ஈரத்தில் தோல் மிருதுவாகித் தாளோடு அதிகப் பரப்பில் படிகிறது. வயது ஏறச் சுரப்பு குறையும், அதோடு பனிக்காலத்து வறண்ட காற்றும் சேர்ந்தால் தாள் வழுக்கத்தான் செய்யும். வங்கிக் காசாளர் மேசையில் ஈரப்பஞ்சு இருந்ததும் இதற்குத்தான். காற்றாடித் தாளுக்கு எச்சில் உதவாது, சாயம் விரலில் ஏறிவிடும். பக்கத்தில் ஓர் ஈரத்துணியை வைத்து, விரலை ஒற்றி, உடனே காய்ந்த துணியிலும் ஒற்றிக்கொண்டால் போதும். ஈரம் மிஞ்சினாலும் பிடிமானம் குறையும்.

எழுபது தாண்டித் தாளைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேரி டிலானி என்ற விதவை, 72 வயதில், சிவப்புத் தாள் துண்டு ஒன்றும் ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கண்டு தாளில் அந்தப் பூவை வெட்டி ஒட்டத் தொடங்கினார். பத்து ஆண்டுகள். பார்வை மங்கி நிறுத்தும்போது சேர்ந்தவற்றில் 985 இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வயதானவர்களுக்கு ஏதோ பொழுதுபோக்கு என்று குழந்தைகளுக்கான வண்ணத்தாள் வேலையைக் கையில் திணிப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்கலாம்.

செகந்திராபாத்தின் மாரேட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ இருக்கும் தமிழ்ப் பாட்டிக்கு மாடிப்படி ஏறுவது கஷ்டமாக இருக்கலாம். உட்கார்ந்து ஒரு சாண் காற்றாடி செய்வது அப்படியல்ல. குச்சி சீவக்கூட வேண்டாம், தென்னந்துடைப்பத்து ஈர்க்கு போதும். பச்சை ஈர்க்கானால் இன்னும் நல்லது, வளைத்தால் ஒடியாது. அடிப்பக்கம் தடிப்பு, நுனி மெலிவு என்பதால் ஒரே ஈர்க்கை வளைத்தால் வில் ஒருபக்கமாகச் சாயும். இரண்டு ஈர்க்குகளைத் தலைமாற்றி வைத்து நூல் சுற்றினால் அந்தக் கோளாறு தீரும். பசையைக் கெட்டியாகக் காய்ச்சி மெலிதாகத் தடவ வேண்டும், நீர்த்த பசை தாளைச் சுருக்கிச் சாயத்தைக் கலக்கிவிடும். பல தெலுங்கு வீடுகளில் பொம்மைக் கொலு சங்கராந்திக்கு வைப்பது வழக்கம். கொலுப்படிக்குப் பின்னால் சுவரில் மாட்ட இந்தச் சாண் காற்றாடிகள் அளவாக இருக்கும். நிஜமாகவே பறக்கவிட ஆசை வந்தால் பருத்தி நூல் மட்டும். சீன மாஞ்சா எனப்படும் நைலான் நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுதும் தடைசெய்துவிட்டது. பறவைகளை மட்டுமல்ல, இருசக்கர வண்டி ஓட்டுபவர்களின் கழுத்தையும் அது அறுத்திருக்கிறது.

மாட்டும் இடத்தில் நேர்வெயில் கூடாது. மெல்லிய தாளின் சாயத்தைச் சூரியனின் புற ஊதாக் கதிர் சில வாரங்களிலேயே வெளுக்கவைக்கும். செய்தித்தாளில் செய்ததென்றால் அதில் மிச்சமிருக்கும் லிக்னின் பழுப்பாகிவிடும். ஜூனில் முதல் மழை இறங்கியதும் தாள் தளர்ந்து தொங்கும். கழற்றி உள்ளே வைப்பவர்கள் ஒட்டிய ஓரங்களைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இராமபாணப் பூச்சி விரும்பித் தேடிவருவது மைதா பசையைத்தான். புத்தகம் கட்டுபவர்கள் இதற்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் பேரக்குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில், நன்கு காய்ந்த பின், வைத்தால் போதும்.