மலையை அளக்கும் கிள்ளான் கடல்

குனோங் தாஹான் மலையின் உயரம் என்ன? கடல் மட்டத்திலிருந்து 2,187 மீட்டர் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். தமிழ்நாட்டில் ரயிலேறினால், நிலையத்து மஞ்சள் பலகையிலும் ஊர்ப் பெயரோடு இதே கணக்கு இருக்கும். சரி, எந்தக் கடல்? எந்த மட்டம்? கடல்தான் ஒரு நாழிகை ஓரிடத்தில் நிற்பதில்லையே!

தீபகற்ப மலேசியாவைப் பொறுத்தவரை அந்தக் கடல் நம் கிள்ளான் துறைமுகத்துக் கடல்தான். அங்கே நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. அந்த ஏற்ற இறக்கங்களை ஆண்டுக்கணக்கில் ஓயாமல் குறித்து, கூட்டி, வகுத்தால் கிடைப்பதே ‘சராசரி கடல் மட்டம்’. அதுவே நமக்குப் பூஜ்யம்.

போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் வழங்கிய நாளில், 1911-12இல், ஓராண்டுக்கும் குறைவான அளவீட்டை வைத்து முதல் கணக்குப் போட்டார்கள். பிறகு 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அளந்து, 1994இல் புதிய மட்டம் வகுத்தார்கள்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? சராசரி என்றாலே பாதி நேரம் கடல் அதற்கு மேலே நிற்கிறது என்று பொருள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்கும்போது, கிள்ளானில் நீர் சராசரிக்கு மேல் ஏறத்தாழ 2 மீட்டர் வரை எழும்பும். கடலோரத் தோட்டங்களில் மண்கரையும் நீர்க்கதவும் இருப்பது இதற்காகத்தான். கடல் ஏறும்போது கதவை அடைப்பார்கள். வற்றும்போது திறந்து வடிகால் நீரை வெளியே விடுவார்கள்.

கதவு அடைபட்ட நேரத்தில் பெருமழையும் கொட்டினால்? நீருக்குப் போக்கிடம் இல்லை. 2021 டிசம்பர் 18இல் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதற்கு முதற்காரணம் வரலாறு காணாத மழை. மறுநாள் பௌர்ணமி; கடலேற்றமும் சேர்ந்து வெள்ளம் வடியவிடாமல் தடுத்தது.

இன்னொன்று: பத்திரிகையில் “கடலேற்றம் 5 மீட்டர்” என்று வந்தால் பதற வேண்டாம். அது சராசரியிலிருந்து எண்ணியதன்று. கடல் மிகவும் வற்றும் மட்டத்திலிருந்து எண்ணியது. அதற்காக அலட்சியமும் வேண்டாம். 1900க்குப் பின் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. நாம் குறித்து வைத்த பூஜ்யம் அப்படியே இருக்கிறது. கடல்தான் அதைத் தாண்டி மேலே வருகிறது.

தாழ்வான இடத்தில் குடியிருப்போர் நாட்காட்டியில் ராகு காலம் பார்க்கும்போது, அமாவாசை, பௌர்ணமியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மழை மேகமும் கூடினால், முக்கியப் பத்திரங்களை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்!