வேர் தேடும் ஏடுகள் – 9: சபை விலக்கிவைத்த குடும்பம்

1742-ஆம் ஆண்டு. பென்சில்வேனியாவின் ஓலி பள்ளத்தாக்கில் ஸ்குவயர் பூன் என்ற நெசவாளி குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தன் சபையாருக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. மூத்த மகள் சாரா சபைக்கு வெளியே ஒருவரை மணந்துகொண்டாள்; மணநாளுக்கு முன்பே கருவுற்றும் இருந்தாள். விஷயம் ஓரளவு தெரிந்தும் இருவரையும் வீட்டில் இருக்கவிட்டது தன் தவறுதான், என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தேன், இனிமேல் கவனமாக இருப்பேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். சபை எழுத்தர் அதை ஏட்டில் பதிந்துவைத்தார்.

ஒரு தகப்பனுக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு! ஆனால் அமெரிக்க எல்லைப்புறக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடுகிறவருக்கு அந்தப் பதிவு பொக்கிஷம். மகளின் பெயர், மருமகனின் பெயர், திருமண ஆண்டு, குடும்பம் அப்போது இருந்த ஊர் எல்லாம் அந்தச் சில வரிகளிலேயே கிடைத்துவிடுகின்றன. ஸ்குவயருக்குப் பிள்ளைகள் 11 பேர். ஆறாவது பிள்ளைதான் டேனியல் பூன். அப்பலாச்சிய மலைகளின் கம்பர்லேண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டி, குடியேறிகளை அழைத்துப் போனவர். அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்களில் எல்லைப்புற மனிதர் என்றாலே முதலில் வருகிறவர்.

பூன்கள் இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர்கள். டேனியலின் தாத்தா ஜார்ஜ் பூன் 1666-ல் எக்ஸெட்டர் நகருக்கு அருகே பிறந்து, பிராட்னின்ச் ஊரில் தறி நெய்து பிழைத்தவர். குவாக்கர் சபையில் சேர்ந்த குடும்பம். கடல் தாண்டலாமா என்று ஆழம் பார்க்கப் பெரிய பிள்ளைகள் மூவரை முதலில் அனுப்பினார். அவர்களில் ஒருவர்தான் ஸ்குவயர். பிறகு 1717-ல் மனைவி மேரியோடும் மற்றப் பிள்ளைகளோடும் தானும் பிலடெல்பியா வந்து இறங்கினார். கையில் டெவனின் கல்லம்ப்டன் சபை கொடுத்த நற்சான்றுக் கடிதம். அந்தக் கடிதம் பென்சில்வேனியாவின் குவினெட் சபையில் வாசிக்கப்பட்டு, ஏற்கப்பட்டு, ஏட்டில் ஏறியது. கடலின் இரு கரைகளையும் இணைக்கும் இப்படி ஒரு தாள் கிடைக்காமல் பல அமெரிக்கக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஜார்ஜ் 1744-ல் இறந்தார். அவருடைய பேரன் ஜேம்ஸ் பூன் கணிதத்தில் தேர்ந்தவர். 1788-ல் குடும்ப வரலாற்றை எழுதிவைத்தார். தாத்தா இறந்தபோது உயிரோடிருந்தவர்கள் 8 பிள்ளைகள், 52 பேரப்பிள்ளைகள், 10 கொள்ளுப்பிள்ளைகள், ஆக 70 பேர் என்று அதில் கணக்கு இருக்கிறது. பைபிளில் யாக்கோபின் குடும்பத்தார் எகிப்துக்குப் போன எண்ணிக்கையும் அதுவே என்ற குறிப்பும் உண்டு. பெருமிதத்தோடு எழுதப்பட்ட வரிகள்தான். ஆனால் எண்ணிப் பார்த்து எழுதியவை. குடும்பத்துக்குள்ளேயே இப்படி ஒருவர் இருந்துவிட்டால் தேடுபவரின் வேலை பாதி முடிந்தது.

மீதிப் பாதியில் முதலில் காலை வாரிவிடுவது நாட்காட்டி. குவாக்கர்கள் மாதங்களுக்கு ரோமானியத் தெய்வங்களின் பெயரைச் சொல்ல மறுத்தவர்கள். முதல் மாதம், இரண்டாம் மாதம் என்றே எழுதுவார்கள். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே அவர்களுடைய முதல் மாதம் மார்ச். எட்டாம் மாதம் அக்டோபர். இது தெரியாமல் எட்டாம் மாதத்தை ஆகஸ்ட் என்று படித்துவிட்டால், பிறந்த தேதி இரண்டு மாதம் முன்னே போய்விடும். 1752-ல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளே 14 என்று ஆக்கி 11 நாட்களை நீக்கினார்கள். டேனியல் பூன் பிறந்தது 1734 அக்டோபர் 22. புதிய கணக்கில் நவம்பர் 2. அவரோ கடைசிவரை பழைய தேதியையே சொல்லிவந்தார். இரண்டு நூல்களில் இரண்டு தேதிகளைப் பார்த்துவிட்டு இரண்டு டேனியல்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

உண்மையிலேயே பல டேனியல்கள் உண்டு என்பது வேறு விஷயம். ஜார்ஜ், ஸ்குவயர், டேனியல், இஸ்ரேல், சாரா, மேரி என்ற பெயர்களே இந்தக் குடும்பத்தில் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர் ஒன்றை மட்டும் நம்பி ஒருவரை அடையாளம் காண முடியாது. பெயரோடு மனைவி, நிலம், பக்கத்து நிலத்துக்காரர் என்று இன்னும் இரண்டு மூன்று ஆதாரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

இனி 1748-க்கு வருவோம். மூத்த மகன் இஸ்ரேலும் சபைக்கு வெளியே பெண் எடுத்தான். சபையார் வீடு தேடி வந்து ஸ்குவயரிடம் விளக்கம் கேட்டார்கள். இம்முறை அவர் பணியவில்லை. மகன் செய்ததில் தவறு காணவும் மறுத்துவிட்டார். சபை அவரை விலக்கிவைத்தது. இரண்டு ஆண்டுகளில் ஓலி நிலத்தை விற்றுவிட்டு, தெற்கே வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கை நோக்கிக் குடும்பம் கிளம்பியது.

வம்சாவளி தேடுபவருக்கு இது பெரிய முறிவு. ஊருக்கு ஊர் நற்சான்றுக் கடிதம் கொண்டுபோய்ப் பதிவுசெய்த குடும்பம், இனிக் கடிதம் இல்லாமல் நகர்கிறது. பிறப்பும் திருமணமும் இனிச் சபை ஏட்டில் ஏறாது. 1750-ல் கிளம்பியவர்கள் வழியில் எங்கே எத்தனை நாள் தங்கினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1753-ல் ஸ்குவயர் பெயரில் 640 ஏக்கர் நில மானியம் பதிவாகும்போதுதான் அவர்கள் மீண்டும் கண்ணில் படுகிறார்கள். அதன் பிறகு பூன்களைச் சபை ஏட்டில் தேடிப் பயனில்லை. நிலப் பத்திரத்திலும் வரிப் பட்டியலிலும்தான் தேட வேண்டும்.

அங்கும் ஒரு சிக்கல். ஆள் இருந்த இடத்தில் இருக்க, கவுண்டி எனும் மாவட்டத்தின் எல்லை மாறிக்கொண்டே இருக்கும். டேனியல் பிறந்தபோது ஓலி பிலடெல்பியா கவுண்டியில் இருந்தது. 1752-க்குப் பிறகு பெர்க்ஸ் கவுண்டி. ஸ்குவயரின் கரோலினா நிலம் அன்று ரோவன் கவுண்டி. 1836 முதல் டேவி கவுண்டி. கென்டக்கியோ 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. ஆகவே இன்றைய வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, அந்த ஆண்டில் அந்த நிலம் எந்த நீதிமன்றத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 1790-ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்குமா என்றால், கென்டக்கியின் தாள்கள் தொலைந்துபோயின. வரிப் பட்டியல்களைக் கொண்டுதான் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். கிடைத்திருந்தாலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருந்திருக்கும். வீட்டில் உள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850-ல்தான்.

பெண்களைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். நிலத்தை விற்கும்போது மனைவிக்கும் அதில் உரிமை உண்டு என்பதால், கணவனின் வற்புறுத்தல் இல்லாமல் அவள் சம்மதிக்கிறாளா என்று தனியே அழைத்துக் கேட்டு எழுதும் வழக்கம் இருந்தது. பல பெண்களின் பெயர் காகிதத்தில் நிலைத்தது இந்த ஒரு கேள்வியால்தான். யாட்கினில் பூன்களும் பிரையன்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். டேனியல் 1756-ல் ரெபெக்கா பிரையனை மணந்தார். டேனியலின் தங்கை மேரி, ரெபெக்காவின் சித்தப்பா வில்லியம் பிரையனுக்கு வாழ்க்கைப்பட்டாள். டேனியலின் தம்பி எட்வர்ட், ரெபெக்காவின் தங்கை மார்த்தாவைக் கட்டினார். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உறவுமுறை சட்டென்று புரிந்துவிடும்.

இந்தச் சம்பந்தங்களை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 1762-ல் பிறந்த ஜெமீமா டேனியலின் மகள் அல்ல, அவர் நெடுநாள் வெளியே போயிருந்தபோது தம்பிக்குப் பிறந்தவள் என்றொரு கதை எல்லைப்புறத்தில் உலவியது. லைமன் டிரேப்பர் என்ற தொகுப்பாளர் 19-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களின் நினைவுகளை எழுதிவாங்கினார்; 1851-ல் டேனியலின் கடைசி மகன் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் சந்தித்தார். அவர் சேர்த்த தாள்கள் இன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் இருக்கின்றன. அவற்றில் அந்தக் கதை பல வடிவங்களில் வருகிறது. தம்பியின் பெயர் மாறுகிறது, டேனியல் ஊரில் இல்லாத காலமும் மாறுகிறது. மரபணுச் சோதனை செய்தால் தெரியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். தந்தைவழி ஒய் குரோமோசோம் மகளுக்கு வராது. மற்ற மரபணுக்களும் இங்கே கைகொடுக்கா. அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரை மணந்த குடும்பத்தில் எந்த வாரிசு யார் வழி என்று இத்தனை தலைமுறைக்குப் பிறகு பிரிப்பது ஏறக்குறைய ஆகாத காரியம். இந்தக் கதையை எவரும் நம்ப வேண்டியதில்லை என்பது என் முடிவு. கதை பிறந்த காலத்தின் ஆவணம் எதுவும் அதற்குத் துணை நிற்கவில்லை.

கென்டக்கியில் டேனியலுக்கு நிலம் தங்கவில்லை. ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கோரினார்கள், மரத்தையும் ஓடையையும் எல்லையாகக் குறித்த அளவைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, வழக்குகள் குவிந்தன. தானே நில அளவராக இருந்தவர் கடைசியில் தன் நிலங்களை இழந்து, 1799-ல் மிசூரிக்குப் போனார். ஆனால் அந்த வழக்குகளில் அவரும் மற்றவர்களும் கொடுத்த சாட்சியங்கள் தங்கிவிட்டன. இத்தகைய சாட்சியங்கள் பெரும்பாலும் சாட்சியின் வயதோடு தொடங்கும். யார் எந்த ஆண்டு எந்த ஓடைக்கரையில் கூடாரம் போட்டார், கூட யார் இருந்தார் என்று தொடரும். எல்லைப்புற வம்சாவளிக்கு இவற்றைவிட நல்ல சுரங்கம் இல்லை.

இன்று அமெரிக்காவில் பூன் என்று பெயருள்ள பலர் டேனியலின் நேர் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது அரிது. அவருடைய மகன்களில் ஜேம்ஸும் இஸ்ரேலும் மோதல்களில் கொல்லப்பட்டார்கள். வில்லியம் கைக்குழந்தையாக இறந்தான். ஜெஸ்ஸி, டேனியல் மார்கன், நேதன் ஆகிய மூவர் வழியாக மட்டுமே பூன் என்ற பெயர் இறங்கியது. ஏனைய வாரிசுகள் மகள்கள் வழி வந்தவர்கள். காலவே, ஹேஸ், ஷோல், கோ என்ற பெயர்களில் தேட வேண்டியவர்கள்.

ஜேம்ஸின் மரணம் 1773 அக்டோபர் 10-ல் நடந்தது. வயது 16. தங்கள் வேட்டை நிலத்துக்குள் குடியேறிகள் நுழைவதை எதிர்த்த பழங்குடியினர் தாக்கினார்கள். ஜேம்ஸோடு இருந்த சிறு கூட்டத்தில் சார்லஸ், ஆடம் என்ற இரண்டு கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள். சார்லஸும் கொல்லப்பட்டார். ஆடம் ஒளிந்திருந்து நடந்ததைக் கண்ணால் பார்த்து, காட்டில் நாட்கணக்கில் அலைந்து, ஊர் திரும்பிச் சொன்னார். ஜேம்ஸ் பூன் எப்படி இறந்தார் என்று குடும்ப நூல்கள் எழுதுவது பெரும்பாலும் ஆடம் சொன்னதைத்தான். மிசூரியில் முதிய டேனியலோடு வேட்டைக்குப் போன டெரி கோபர்ன் என்பவரும் பூன் குடும்பத்தின் அடிமையே. வெள்ளையர் குடும்பத்துக்கு ஐந்தாறு தலைமுறை தேதியோடு கிடைக்கிறது. இவர்களுக்குப் பிறந்த தேதிகூடக் கிடைப்பதில்லை. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் இருக்கும், பெயர் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் முதன்முதலில் பெயரோடு வருவது 1870-ல். அதற்கு முன்னே போக அவர்களின் சந்ததியாருக்குள்ள முக்கிய வழி, உடைமையாளர்களின் உயிலும் சொத்துப் பட்டியலும் விற்பனைச் சீட்டும்தான்.

ஆகவே இத்தகைய குடும்பத் தாள்களைப் புரட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உயிலில் குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவே ஒரு மனிதரின் பெயர் வந்தால் கடந்துபோய்விடாதீர்கள். அந்தப் பெயரையும் ஆண்டோடும் பக்க எண்ணோடும் குறித்து, உங்கள் வம்சாவளியோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

(தொடரும்)