ரயில் ஏறிய மலையில் கம்பி ஏறாதா?

மலை உயரமாம், காடு அடர்த்தியாம். ஆகவே நீலகிரிப் பழங்குடி ஊர்களுக்கு இணையம் கொண்டுபோவது கடினமாம்! நாம் கேட்கிறோம்: 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ரயில் ஏறியதே, அன்று மலை தாழ்ந்தா இருந்தது? வெள்ளைத்துரைக்குக் குளிர்ச்சி தேவைப்பட்டது, பாறை பிளந்தது. இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்றால் மட்டும் மலை வளர்ந்துவிடுகிறது போலும்.

2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் பூட்டப்பட்டன. பாடம் செல்போனில் என்றார்கள். போன் வாங்கினால் மாதக் கூலியே போய்விடும் வீடு, சிக்னலும் இல்லை. பிள்ளை என்ன செய்யும்? விறகுக்குப் போகும், தோட்டத்துக்குப் போகும்.

அதே ஆண்டு அக்டோபரில் ரேஷன் கடைக்குக் கைவிரல் ரேகைக் கருவி வந்தது. கோபுரத்துக்கு முன்னே கருவி! சிக்னல் வரும்வரை நிற்கும் நாழிகைக்குக் கூலி யார் தருவது? கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் ரேகைதான் ஏது?

2022 ஜூலையில் டில்லி மந்திரிசபை 24,680 கிராமங்களுக்கு 4ஜி என்று 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. பொறுப்பு பி.எஸ்.என்.எல்.லுக்கு. அதில் நமக்கு மகிழ்ச்சியே. லாபமில்லாத மலைக்குக் கம்பெனிக்காரன் எந்தக் காலத்தில் ஏறி வந்தான்? நீலகிரியில் எந்தெந்த ஊர், எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலைக் கலெக்டர் ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். அதுவரை பழையபடி கார்டில் எழுதி அரிசி போடட்டும்.