எடை குறைப்பு அறுவை: ரோபோவுக்குப் பின்னால் இருக்கும் கை

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை கொண்டவர்கள் என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21). முந்தைய ஆய்வில் பெண்களின் கணக்கு 30.9 சதவீதம்தான். சர்க்கரை, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் காதில் இப்போது ‘ரோபோ ஆபரேஷன்’ என்ற பேச்சும் விழுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை.

சர்ஜன் நோயாளியிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வயிற்றின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் பார்த்தபடி கைப்பிடிகளை இயக்குகிறார். சிறு துளைகள் வழியே உள்ளே போன கருவிகள் அதன்படி அசைகின்றன. கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. கருவியின் நுனி மணிக்கட்டுபோல எல்லாப் பக்கமும் வளைகிறது. பருமனானவர்களின் வயிற்றுச் சுவர் தடித்தது. சர்ஜனே கருவிகளைக் கையில் பிடித்துச் செய்யும் வழக்கமான துளைவழி அறுவையான லேப்ராஸ்கோப்பியில் அந்தத் தடிமனோடு மல்லுக்கட்டுவது சர்ஜனின் தோளும் மணிக்கட்டும்தான். ரோபோவில் அந்தப் பாரத்தை இயந்திரக் கை வாங்கிக்கொள்கிறது. மிக அதிக எடை உள்ளவர்களுக்கும், முன்பே ஆபரேஷன் நடந்து உள்ளே ஒட்டுதல் இருப்பவர்களுக்கும் இந்த வசதி கைகொடுக்கக்கூடும்.

உள்ளே நடப்பது பழைய ஆபரேஷன்தான். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி அடங்குகிறது. எடை இறங்கும் அளவில் ரோபோவுக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரோபோவில் நேரமும் செலவும் பொதுவாகக் கூடுதல். ஆகவே வட்டிக்கு வாங்கியாவது ரோபோதான் வேண்டும் என்று எந்தக் குடும்பமும் தவிக்கத் தேவையில்லை.

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ரோபோ அறுவை மையம் திறக்க ஆன செலவு சுமார் 34.60 கோடி ரூபாய். இறக்குமதிக் கருவிகளுக்குப் போட்டியாக ‘எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா’ என்ற இந்தியக் கருவியும் சந்தைக்கு வந்திருக்கிறது. உள்ளூரில் செய்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பதை மதுரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: 1992இல் இங்கே தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது.

யாருக்கு இந்த அறுவை? பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 27.5ஐத் தாண்டிய ஆசியர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022இன் சர்வதேச வழிகாட்டுதல். இது அழகு சிகிச்சை அல்ல. 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் எடை குறைப்பு அறுவைக்கு வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தனியார் மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக ரத்தானது. கருவியின் பெயரைக் கேட்பதற்கு முன், சர்ஜன் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஐ.சி.யூ. இருக்கிறதா, ரத்தக் கசிவோ தையல் கசிவோ வந்தால் ராத்திரியில் யார் பார்ப்பார் என்று கேட்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட வேலை. பரோட்டா சுருங்கிய இரைப்பையில் நிற்கும். ஜிகர்தண்டா நிற்காமல் இறங்கிவிடும், சர்க்கரையும் கூடவே. இனிப்புப் பானங்களால் எடை திரும்பியவர்கள் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தேவைப்படலாம். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏற வைக்காமல், அந்தந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே இவற்றைக் கிடைக்கச் செய்வது ரோபோ வாங்குவதைவிட அவசரமான வேலை.