எதிரி செலவில் ஒரு வசை

நியூயார்க் மாநிலத்தில் காதலர் தினத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வாக்காளர் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இருக்கும் கட்சியை மாற்ற நினைப்பவர் பிப்ரவரி 14-க்குள் மாற்றிவிட வேண்டும். தவறவிட்டால், ஜூன் மாதப் பிரைமரியில் பழைய கட்சியோடுதான் குடித்தனம்.

கெடு நெருங்க நெருங்க, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ள வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிகின்றன. செனட் எது, கீழ்சபையான பிரதிநிதிகள் சபை எது, நவம்பரில் வரும் இடைக்காலத் தேர்தல் எதற்கு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. குடியரசுக் கட்சிக்காரராகப் பதிந்துகொண்ட பழமைவாத வாக்காளர் பிரைமரியில் யாருக்குப் போடுவார்? கொள்கையில் அணுவளவும் வளையாதவருக்கா, நவம்பரில் கரையேறக்கூடியவருக்கா? இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் அமைவதில்லை.

பிரைமரி என்பது, வேட்பாளரைத் தலைவர்கள் அல்ல, மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இரு கட்சிகளும் மார்தட்டிக்கொள்ளும் ஏற்பாடு. ‘மக்கள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2010 செப்டம்பரில் டெலவேர் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட் பிரைமரியில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 57,000 பேர். மாநிலத்தின் மக்கள்தொகையோ கிட்டத்தட்ட 9 லட்சம். இருமுறை ஆளுநராக இருந்தவரும், தொடர்ந்து கீழ்சபைக்குத் தேர்வானவருமான மைக் காசிலை அந்த 57,000 பேர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிதவாதி என்பதுதான் அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு. வலதுசாரிகளின் டீ பார்ட்டி இயக்கத்தின் ஆதரவு பெற்ற கிறிஸ்டின் ஓ’டானல் 53-க்கு 47 என்று ஜெயித்தார். பின்பு, சூனியம் பற்றிய பழைய பேச்சு ஒன்று கிளம்பியதால், ‘நான் சூனியக்காரி அல்ல’ என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் விளக்கம் சொல்லும் நிலைக்கு வந்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் 16 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த இருக்கை இன்றும் அவரிடமே இருக்கிறது.

இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு ‘ஜெயிக்கக்கூடியவரைப் பாருங்கள்’ என்று கட்சி மேலிடம் பதினைந்து ஆண்டுகளாக உபதேசம் செய்கிறது. உபதேசத்தையும் உரசிப் பார்க்கலாம். ‘ஜெயிக்கக்கூடியவர்’ என்பது பல நேரங்களில் மேலிடம் தனக்கு வேண்டியவருக்குச் சூட்டும் பட்டம். 2009 மே மாதம், பிரைமரிக்கு ஓராண்டுக்கும் மேல் இருக்கையில், ஃபுளோரிடாவில் ஆளுநர் சார்லி கிறிஸ்ட்தான் ஜெயிப்பார் என்று கட்சியின் செனட் தேர்தல் குழு முந்திக்கொண்டு ஆதரவு தெரிவித்தது. எதிரே நின்ற இளைஞரை யாரும் பொருட்படுத்தவில்லை. கருத்துக்கணிப்பு திரும்பியதும் கிறிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்று தோற்றார். பிறகு ஜனநாயகக் கட்சியிலேயே சேர்ந்தார். ஜெயித்த இளைஞர் மார்கோ ரூபியோ.

கொள்கையையும் வெற்றி வாய்ப்பையும் நிறுக்கும் தராசுக்குப் பழமைவாதிகள் வட்டாரத்தில் ‘பக்லி விதி’ என்று பெயர். ‘நேஷனல் ரிவ்யூ’ இதழைத் தொடங்கிய வில்லியம் பக்லி 1967-ல் சொன்னது: ஜெயிக்க வாய்ப்புள்ளவர்களில் யார் அதிக வலதுசாரியோ, அவருக்கே ஆதரவு. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான் கொள்கைச் சிங்கம் பேரி கோல்ட்வாட்டர் அதிபர் தேர்தலில் ஆறே ஆறு மாநிலங்களை வென்று மண்ணைக் கவ்வியிருந்தார். விதியின் பின்னால் அந்தக் காயம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த விதியைச் சொல்வதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1965-ல், பக்லியே நியூயார்க் மேயர் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளராக நின்றார். குடியரசுக் கட்சியின் ஜான் லிண்ட்சே போதுமான பழமைவாதி அல்ல என்பதே காரணம். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, மறு எண்ணிக்கை கேட்பேன் என்றார். சுமார் 13 சதவீத வாக்கு கிடைத்தது. லிண்ட்சே மேயரானார்.

இதுவரை சொன்னதெல்லாம் வாக்காளரின் மனத்துக்குள் நடக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் எதிர்க்கட்சி கைவைத்தால் என்ன ஆகும்?

மிசௌரி, 2012. ஜனநாயகக் கட்சியின் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அந்த ஆண்டு பிழைப்பது கஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதிர்த்து நிற்கக் குடியரசுக் கட்சியில் மூவர் மோதினார்கள்: தொழிலதிபர் ஜான் ப்ரன்னர், மாநிலத்தின் முன்னாள் கருவூல அதிகாரி சாரா ஸ்டீல்மன், கீழ்சபை உறுப்பினர் டாட் ஏகின். மூவரில் வீழ்த்த எளிதானவர் ஏகின் என்று மெக்காஸ்கில் கணித்தார். ஆனால் ஏகினிடம் பணம் இல்லை. ஆகவே மெக்காஸ்கில் செலவழித்தார், 17 லட்சம் டாலர். ஏகின் தன் பிரைமரிக்காகத் தானே செலவிட்டதைவிட அது அதிகம். 2015-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே பூரிப்போடு எழுதியிருக்கிறார்.

விளம்பரத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்துக்கு அது தாக்குதல். மிசௌரியிலேயே ஆகப்பெரிய பழமைவாதி ஏகின், அரசின் ஆதிக்கத்தை எதிர்க்கும் போராளி, ஒபாமாவை நாகரிகத்துக்கே ஆபத்து என்று சொன்னவர் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் ‘இவர் அளவுக்கு மீறிய பழமைவாதி’ என்று முடிகிறது. தமிழில் ‘பழமைவாதி’ என்றால் திட்டுவது போலக் காதில் விழும். மிசௌரியின் குடியரசுக் கட்சிப் பிரைமரி வாக்காளர் காதில் அது பதக்கம். பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று படித்தோமே, பழிப்பது போலப் புகழ்வது, அதேதான். வித்தியாசம், இங்கே புலவர் பாடிய ஆளைக் கவிழ்க்கப் பாடினார்.

இதில் மறைவு எதுவும் இல்லை என்பதுதான் கெட்டிக்காரத்தனம். வேட்பாளர் தன் விளம்பரத்தை ஒப்புக்கொண்டதாக அதிலேயே சொல்ல வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். யார் காசு கொடுத்தது என்று தெரிந்தால் மக்கள் ஏமாற மாட்டார்கள் என்பது சட்டம் போட்டவர்களின் வாதம். மெக்காஸ்கிலின் பெயர் அந்த விளம்பரத்தில் கேட்கத்தான் செய்தது. அது வாக்காளரைத் தடுக்கவில்லை, உந்தித் தள்ளியது. ‘அந்த அம்மாவே இவரைப் பார்த்துப் பயப்படுகிறாரா, அப்படியானால் இவர்தான் நம்மாள்’ என்று கொள்கைவாதி நினைத்தார். நடைமுறைவாதி கவனித்திருக்க வேண்டியது விளம்பரத்தின் தேதி. எதிராளியை நிஜமாகவே வீழ்த்த நினைப்பவர், அவர் வேட்பாளர் ஆகும்வரை காத்திருந்து அடிப்பார். பிரைமரிக்கு முன்பே எதிர்முகாம் ஒருவரை மட்டும் ‘அளவுக்கு மீறியவர்’ என்று திட்டினால் அது திட்டு அல்ல.

இன்னொரு துணுக்கும் நினைவுக் குறிப்பில் உண்டு. நல்ல பலன் தந்துகொண்டிருந்த ஒரு விளம்பரத்தை, முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி ஏகினை ஆதரித்துப் பேசுவதை, ஏகின் குழு திடீரென்று நிறுத்திவிட்டது. மெக்காஸ்கில் பதறிப்போனார். அதை மறுபடி போடுங்கள் என்று ஆள் மூலம் சேதி போனது. அவருடைய கருத்துக்கணிப்பாளரே மறுமுனையில் ஒருவரோடு பட்டும் படாமலும் பேசினார். விளம்பரம் திரும்ப வந்தது. ஆகஸ்ட் 7 அன்று ஏகின் 36 சதவீதத்தில் ஜெயித்தார். மிசௌரியில் இரண்டாம் சுற்று கிடையாது, அதனால் 36 போதும். 50 தாண்டாவிட்டால் மறுபடி மோத வேண்டிய டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் இந்த வித்தை இவ்வளவு மலிவாகப் பலித்திருக்காது.

பன்னிரண்டு நாள் கழித்து, வன்புணர்வில் கருத்தரிப்பு பற்றி ஏகின் ஒரு பேட்டியில் சொன்னது நாடே முகம் சுளிக்கும்படி ஆயிற்று. அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி உட்படக் கட்சித் தலைவர்கள் விலகச் சொன்னார்கள், அவர் விலகவில்லை. நவம்பரில் அதே மாநிலத்தில் ராம்னி 9 புள்ளிக்கு மேல் ஒபாமாவை முந்தினார். அதே நாளில் மெக்காஸ்கில் சுமார் 16 புள்ளியில் ஏகினை வென்றார்.

வித்தை பரவாமல் இருக்குமா? 2022-ல் பென்சில்வேனியாவில் ஆளுநர் வேட்பாளர் ஜோஷ் ஷபிரோ, இல்லினாயில் ஆளுநர் ஜே.பி. ப்ரிட்ஸ்கர் தரப்பு, மிச்சிகனில் ஜனநாயகக் கட்சியின் கீழ்சபைத் தேர்தல் குழு, எல்லாரும் இதே பாட்டைப் பாடினார்கள். மிச்சிகன் விவகாரம்தான் கசப்பானது. டிரம்பைப் பதவி நீக்க வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சிக் கீழ்சபை உறுப்பினர்களில் ஒருவர் பீட்டர் மெய்யர். பிரைமரியில் அவரை எதிர்த்த ஜான் கிப்ஸை ‘மேற்கு மிச்சிகனுக்கு அளவுக்கு மீறிய பழமைவாதி’ என்று ‘திட்ட’ அந்தக் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. மெய்யர் தோற்றார். கிப்ஸ் போன்றவர்களால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று மேடைக்கு மேடை முழங்கிய கட்சி, அதே ஆட்களுக்குப் பின்வாசலில் பணம் கட்டியது. சொந்தக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களே கண்டித்தார்கள். கணக்கு என்னவோ பலித்தது; கிப்ஸ் உட்பட மேலே சொன்ன மூன்று மாநிலங்களில் தூக்கிவிடப்பட்டவர்கள் நவம்பரில் தோற்றார்கள்.

2024-ல் ஒஹையோவில் பலிக்கவில்லை. ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமான ஒரு குழு, மிதவாதி மேட் டோலனை ஒதுக்க பெர்னி மொரீனோவைத் தீவிர வலதுசாரி என்று விளம்பரம் செய்தது. மொரீனோ பிரைமரியில் ஜெயித்தார். நவம்பரில் மூன்று முறை செனட்டராக இருந்த ஷெரட் பிரவுனையும் வென்றார்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

குடியரசுக் கட்சியில் பதிந்தால் நவம்பரிலும் அதற்கேதான் போட வேண்டுமா? இல்லை.

எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிந்தவர் நியூயார்க் பிரைமரியில் போடலாமா? முடியாது. நியூ ஜெர்சியில் முடியும், பிரைமரி அன்றே கட்சியைச் சொல்லிவிட்டுப் போடலாம்.

எதிர்க்கட்சிக்காரர்கள் புகுந்து மிதவாதியைக் காப்பாற்றியது உண்டா? உண்டு, 2014-ல் மிசிசிப்பியில், செனட்டர் தாட் காக்ரனை.

கிரீன் கார்டு போதுமா? போதாது, அதை வைத்து வாக்களித்தால் குடியுரிமைக் கனவுக்கே உலை.

படிவத்தைத் தபாலில் அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் 14-ம் தேதிக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். 2026-ல் அது சனிக்கிழமை.